செயற்கைக்கோளுடன் பேச மலிவான முழு டூப்ளெக்ஸ் கருவி: மலைப்பகுதி ஹாம்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோத்தகிரி செல்லும் சாலையோரம், தேயிலைச் சரிவு ஒன்றின் மேல் நின்றுகொண்டு, ஹாம்கள் (உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலியாளர்கள்) பேசும் எஸ்.ஓ.-50 செயற்கைக்கோள் வானைக் கடந்து முடியும்வரை நான் விடாமல் என் கால்சைனை, அதாவது உரிமத்தோடு வரும் அழைப்புப் பெயரை, சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒருவரும் பதில் தரவில்லை என்று எண்ணி ஆண்டெனாவைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பினேன். அன்றிரவு கொடைக்கானலில் இருக்கும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, உங்க குரல் நல்லா இறங்கி வந்துச்சு. நாங்க மூணு பேர் மாத்தி மாத்திப் பதில் சொன்னோம். நீங்கதான் எல்லார் மேலயும் ஏறிப் பேசிட்டே இருந்தீங்க" என்றார். "டூயல் பேண்டு சார், ரெண்டுலயும் ஒரே நேரத்துல வேலை செய்யும்" என்று விற்றவர் சொன்னதை அப்படியே நம்பி வாங்கிய கருவி அது. பேசும் பட்டனை அழுத்திய நொடியில் அதன் காது முழுவதுமாக மூடிக்கொள்ளும் என்பதும், பட்டனை விட்ட சில நொடிகளுக்குள் டாப்ளர் விலகலை, அதாவது செயற்கைக்கோளின் வேகத்தால் அலைவரிசை நகர்வதை, சரிசெய்யாவிட்டால் வெறும் இரைச்சலே மிஞ்சும் என்பதும் எனக்கு அன்று தெரியாது.

முழு டூப்ளெக்ஸ் என்பது ஒரு பட்டையில் பேசிக்கொண்டிருக்கும்போதே மற்றொரு பட்டையில் கேட்டுக்கொண்டிருப்பது. செயற்கைக்கோளில் இதன் பயன் நேரடியானது. நீங்கள் 145 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் குரல் 436 மெகாஹெர்ட்ஸில் உடனே இறங்கி வருகிறதா, வேறொருவர் குரலோடு மோதுகிறதா என்பதை உங்கள் காதே சொல்லிவிடும். ஆனால் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் சொல்லை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. உங்கள் டிரான்ஸ்மிட்டர் ஓடும்போது உங்கள் ரிசீவர் ஒரு மெல்லிய சமிக்ஞையைத் தொடர்ந்து கேட்கிறதா என்பது ஒன்றே கேள்வி. கீழே வரும் படிகள் எல்லாம் அந்தக் கேள்விக்குக் குறைந்த செலவில் விடை காண்பதற்கானவை.

முதல் படி: உரிமமும் அலைவரிசையும்

தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்தும் தேர்வில் தேறி, வி.யு.2 அல்லது வி.யு.3 எனத் தொடங்கும் கால்சைனைப் பெற்ற பிறகே ஒலிபரப்பும் கருவியை வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் இறக்குமதி அனுமதியையும் முன்கூட்டியே முடித்துக்கொள்ளுங்கள். இல்லையேல் கருவி சுங்கத்திலேயே நின்றுவிடும். கேட்பதற்கு மட்டுமான ரிசீவரை உரிமத்துக்குக் காத்திருக்கும் நாட்களிலேயே வாங்கிப் பழகலாம்.

இந்திய ஹாம்களுக்கு ஒதுக்கப்பட்டவை 144 முதல் 146 வரையிலும், 434 முதல் 438 வரையிலுமான மெகாஹெர்ட்ஸ் பட்டைகள். வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படித்துக் கருவி தேடுவோர் தடுக்கி விழும் இடம் இதுதான். 1974-இல் ஏவப்பட்டு, 1981-இல் பேட்டரி செத்து, 2002-இல் சூரிய ஒளியால் மட்டுமே மீண்டும் உயிர்பெற்ற ஏ.ஓ.-7 செயற்கைக்கோளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் புகழ்பெற்ற பி முறையில் அப்லிங்க், அதாவது நாம் மேலே அனுப்பும் அலைவரிசை, 432.125 முதல் 432.175 வரை இருக்கிறது; அது நம் பட்டைக்கு வெளியே. அந்த முறையில் இறங்கி வருவதைக் கேட்கலாமே தவிர, நாம் பேசக்கூடாது.

இரண்டாம் படி: எந்தச் செயற்கைக்கோள் என்பதே கருவியைத் தீர்மானிக்கும்

எஃப்.எம். முறையில் இயங்கும் செயற்கைக்கோள்களுக்குச் சாதாரணக் கையடக்கக் கருவியே போதும். சர்வதேச விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டருக்கு (வாங்கிய குரலை மறு பட்டையில் திருப்பி அனுப்பும் கருவி) 145.990-இல் 67 ஹெர்ட்ஸ் டோனுடன் (குரலோடு சேர்த்து அனுப்பும் தாழ்ந்த திறப்பொலி) பேசி, 437.800-இல் கேட்க வேண்டும். 2002-இல் ஏவப்பட்ட எஸ்.ஓ.-50-க்கு 145.850-இல் அதே 67 ஹெர்ட்ஸ் டோனுடன் பேசி, 436.795-இல் கேட்க வேண்டும். அதன் பத்து நிமிடக் கடிகாரம் அணைந்திருந்தால், முதலில் 74.4 ஹெர்ட்ஸ் டோனை ஓரிரு நொடி அனுப்பி எழுப்ப வேண்டும். ஆகவே இரண்டு டோன்களையும் எளிதில் மாற்றக்கூடிய கருவியாகப் பாருங்கள்.

ஆர்.எஸ்.-44 போன்ற லீனியர் செயற்கைக்கோள்கள் வேறு இனம்; ஒரே சேனலை அல்ல, பட்டையின் ஒரு துண்டையே அப்படியே திருப்பி அனுப்புபவை. 145.935 முதல் 145.995 வரை எல்.எஸ்.பி.-யில் (எஸ்.எஸ்.பி. என்னும் குறுகிய குரல் முறையின் கீழ்ப்பக்கம்) அனுப்பினால், 435.610 முதல் 435.670 வரை யு.எஸ்.பி.-யில் (அதன் மேல்பக்கம்), வரிசை தலைகீழாகி இறங்கும். பல பேர் ஒரே நேரத்தில் பேசலாம். உயரமான சுற்றுப்பாதை என்பதால் ஒரு பாஸ், அதாவது வானை ஒருமுறை கடப்பது, இருபது நிமிடத்தையும் தாண்டும். ஆனால் உங்கள் குரல் எங்கே இறங்குகிறது என்று கேட்காமல் இங்கே ஒரு வார்த்தைகூடப் பேச இயலாது. எஃப்.எம்.-இல் முழு டூப்ளெக்ஸ் மரியாதை சார்ந்தது என்றால், லீனியரில் அது கட்டாயம்.

ஒரே ஒரு செயற்கைக்கோளை மனத்தில் வைத்துக் கருவி வாங்க வேண்டாம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி6 ஏற்றிச் சென்ற ஹாம்சாட், அதாவது வி.ஓ.-52, 435-இல் வாங்கி 145-இல் தருவது. இன்று நாம் அதிகம் பயன்படுத்துபவற்றுக்கு நேர் எதிர்த் திசை. அது 2014-இல் ஓய்ந்தது. இரு திசையிலும் டூப்ளெக்ஸ் செய்யும் அமைப்பை வைத்திருப்பவருக்குத்தான் அடுத்து வரும் செயற்கைக்கோள் எதுவானாலும் கவலையில்லை.

மூன்றாம் படி: விளம்பரச் சொற்களைப் பிரித்துப் படித்தல்

"டூயல் பேண்டு" என்றால் இரண்டு பட்டைகளிலும் வேலை செய்யும் என்று மட்டுமே பொருள். "டூயல் வாட்ச்" என்றால் ஒரே ரிசீவர் இரண்டு அலைவரிசைகளையும் மாறி மாறி எட்டிப் பார்க்கிறது என்று பொருள், பாஃபெங் யு.வி.-5ஆர் இந்த வகை. உண்மையாகவே இரண்டு ரிசீவர்கள் இருந்து இரண்டையும் ஒருசேரக் கேட்டாலும், பேசும்போது இரண்டையும் அணைத்துவிடும் கருவிகள் உண்டு. விலை உயர்ந்த கென்வுட் டி.எச்.-டி74, டி75 ஆகியவையே முழு டூப்ளெக்ஸ் செய்யாதவை. ஆனால் அவற்றுக்கு முன்னே வந்த டி.எச்.-டி72 செய்யும். புதியது, விலை கூடியது என்பதால் டூப்ளெக்ஸ் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

நான்காம் படி: வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை

ஸ்குவெல்ச்சை (சமிக்ஞை இல்லாதபோது இரைச்சலை அடக்கும் பூட்டு) திறந்து 437.800-இல் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே, மறு பட்டையில் 145.990-இல் டம்மி லோடுடன் (ஆண்டெனாவுக்குப் பதில் சக்தியை விழுங்கும் மின்தடை) பட்டனை அழுத்திப் பாருங்கள். இரைச்சல் அறவே நின்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். கருவி டூப்ளெக்ஸே இல்லை. அல்லது உங்கள் ஒலிபரப்பின் மூன்றாவது ஹார்மோனிக் ரிசீவரைப் பிடித்துக்கொண்டது. 145.990-ஐ மூன்றால் பெருக்கினால் 437.970. விண்வெளி நிலையத்தின் டவுன்லிங்குக்கு (கீழே இறங்கி வரும் அலைவரிசை) வெறும் 170 கிலோஹெர்ட்ஸ் தள்ளி, உங்கள் கருவியின் சொந்தக் குப்பையே வந்து உட்கார்ந்துகொள்கிறது. எஸ்.ஓ.-50-இல் இந்த இடைவெளி 755 கிலோஹெர்ட்ஸாக விரிவதால், அதே கருவி அங்கே ஓரளவு சமாளித்துவிடும்.

இரைச்சல் நிற்கவில்லை என்பதாலேயே தேறிவிட்டது என்று பணத்தைக் கொடுத்துவிடவும் கூடாது. எஃப்.எம். ரிசீவரின் முன்பகுதி வலுவான ஒலிபரப்பால் மந்தமாகிவிட்டாலும், ஒலிபெருக்கியில் இரைச்சல் அதே அளவில் வந்துகொண்டுதான் இருக்கும்; மெல்லிய சமிக்ஞை மட்டும் அதில் கரைந்து காணாமல் போகும். இதை ஹாம்கள் டீசென்ஸ் என்பார்கள். இதைப் பிடிக்க ஒரு நண்பர் தேவை. அவர் தம் கையடக்கக் கருவியில் ஆண்டெனாவைக் கழற்றி டம்மி லோடை மாட்டி, மிகக் குறைந்த சக்தியில் 434.500 போன்ற ஓர் ஓய்ந்த அலைவரிசையில் எண்களைச் சொல்லிக்கொண்டே நடந்து விலகட்டும். அவர் குரல் கரகரத்து, சொல் புரியும் விளிம்புக்கு வந்ததும் நிற்கச் சொல்லுங்கள். இப்போது உங்கள் கருவியில், ஆண்டெனாவுடன், யாரும் பயன்படுத்தாத 145 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஒன்றில் கால்சைனைச் சொல்லிவிட்டுப் பட்டனை அழுத்துங்கள். அவர் எண்ணிக்கொண்டிருப்பது தொடர்ந்து கேட்டால் அந்தக் கருவியை வாங்கலாம். "ஏழு, எட்டு" என்பதற்குப் பிறகு "பதினொன்று" கேட்டால், நடுவில் தொலைந்த எண்கள்தாம் அதன் உண்மையான விலை. சக்தியை 5 வாட்டிலிருந்து 1 வாட்டாகக் குறைத்தும் ஒருமுறை பாருங்கள். பல கருவிகள் அங்கே தேறிவிடும். காதில் ஹெட்ஃபோன் இருக்கட்டும். ஒலிபெருக்கியைத் திறந்து வைத்தால், செயற்கைக்கோளில் பேசும்போது உங்கள் குரலே சுற்றிச் சுற்றி ஊளையிடும்.

ஐந்தாம் படி: பணப்பைக்கு ஏற்ற தேர்வு

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரே கருவியில் டூப்ளெக்ஸ் தேடி அலைவதைவிட, பேச ஒன்று, கேட்க ஒன்று என இரண்டு தனிக் கருவிகளை வைத்துக்கொள்வதே மலிவு. முன்பு நான் பழித்த யு.வி.-5ஆர் கூடப் பேசுவதற்கு மட்டும் என்றால் முற்றிலும் போதுமானது. கேட்பதற்குச் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர். டாங்கிளை (மென்பொருளால் இயங்கும் சிறு ரிசீவர்) ஓ.டி.ஜி. கேபிள் வழியே கைபேசியில் செருகிக்கொள்ளலாம். டவுன்லிங்க் எங்கே நிற்கிறது, டாப்ளர் எப்படி வழுக்குகிறது என்பதைத் திரையில் கோடாகப் பார்க்கலாம் என்பதும், முழு பாஸையும் பதிவு செய்து பிறகு நிதானமாகக் கேட்கலாம் என்பதும், விலை உயர்ந்த பல கருவிகளில் இல்லாத வசதிகள்.

இதற்கு மூன்று குறைகள் உண்டு. முதலாவது, கணினி வழியே வரும் ஒலி சற்றே தாமதமாக வரும். தம் குரலைத் தாமே பின்தங்கிக் கேட்கும் எவருக்கும் நாக்குக் குழறும். ஒரு காதிலிருந்து ஹெட்ஃபோனைச் சற்று நகர்த்திக்கொண்டால் ஓரிரு நாளில் பழகிவிடும். இரண்டாவது, மலிவான டாங்கிளின் படிகம் குளிரில் நகரும். 20 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இருபது பங்கு) பிசகினாலே 435 மெகாஹெர்ட்ஸில் 8.7 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப்போகும். எனவே வெப்பநிலை மாற்றத்தை ஈடுகட்டும் டி.சி.எக்ஸ்.ஓ. படிகம் உள்ள 1 பி.பி.எம். டாங்கிளையே வாங்குங்கள், மார்கழி மாத விடியற்காலையில் ஊட்டியில் நின்று கேட்கப் போகிறவருக்கு இது ஆடம்பரம் அன்று. மூன்றாவது, டாங்கிளின் முன்பகுதி வலுவான ஒலிபரப்பைத் தாங்காது. கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கும். தென்மாவட்டங்கள் பலவற்றில் கேட்கும் கோடை எஃப்.எம். 100.5 மெகாஹெர்ட்ஸில் தலைக்கு அருகிலேயே முழங்குகையில், எஃப்.எம். பட்டையை மட்டும் வெட்டும் வடிகட்டி ஒன்றை டாங்கிளுக்கு முன்னால் போடாமல் 436-இல் எதையும் நம்பிக் கேட்க முடியாது.

ஒரே கருவியாகத்தான் வேண்டும் என்றால், பழைய கையடக்கங்களில் கென்வுட் டி.எச்.-டி72, ஐகாம் ஐ.சி.-டபிள்யூ32, யாயேசு எஃப்.டி.-530 ஆகியவை முழு டூப்ளெக்ஸ் செய்பவை. இவை எல்லாமே உற்பத்தி நின்றவை. பேட்டரி செத்திருக்கும், பட்டன் ரப்பர் தேய்ந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டே விலை பேசுங்கள். புதிதாகக் கிடைப்பவற்றில் வூஷுன் கே.ஜி.-யு.வி.9டி பிளஸ் போன்றவை டூப்ளெக்ஸ் செய்கின்றன. மேலே சொன்ன எண்ணும் சோதனையில் தேறினால் மட்டும் வாங்குங்கள்.

கையில் தூக்கிக்கொண்டு மலையேறும் தேவை இல்லாதவர்கள், ஜீப்பிலோ வீட்டு மாடியிலோ வைத்துப் பேசுபவர்கள், வாகனக் கருவிகளைப் பார்க்கலாம். கென்வுட் டி.எம்.-வி71ஏ, டி.எம்.-டி710ஜி, யாயேசு எஃப்.டி.-8800ஆர், எஃப்.டி.-8900ஆர் ஆகியவை முழு டூப்ளெக்ஸ் செய்பவை. கையடக்கங்களைவிட இவற்றின் ரிசீவர் உறுதியானது. பழையதாக வாங்கினால் விலையும் பொருந்தும். 50 வாட் இருக்கிறதே என்று முழு சக்தியில் பேச வேண்டாம். 5 வாட்டிலேயே வேலை முடியும், டீசென்ஸும் குறையும்.

லீனியர் செயற்கைக்கோளுக்கு எஸ்.எஸ்.பி. வேண்டும் என்பதால் செலவு கூடும். யாயேசு எஃப்.டி.-817 அல்லது 818-இல் பேசி, டாங்கிளில் கேட்பது இங்கே மிகச் சிக்கனமான வழி. இந்த 817, 818, புதிய ஐகாம் ஐ.சி.-705 எல்லாம் தனியாக நின்றால் டூப்ளெக்ஸ் செய்யாதவை என்பதை நினைவில் வையுங்கள். முழு வசதியும் ஒரே பெட்டியில் வேண்டும் என்பவருக்கு ஐ.சி.-9700 இருக்கிறது, அதன் விலை ஒரு லட்சத்தைத் தாண்டும் என்பதால் இந்தக் கட்டுரைக்குள் அது வராது. பழைய ஐ.சி.-910எச், எஃப்.டி.-847, டி.எஸ்.-2000 ஆகியவை நடுத்தர வழி. இவற்றில் டி.எஸ்.-2000-க்கு 436.8 அருகே உள்ளுக்குள்ளேயே பிறக்கும் ஒரு சீழ்க்கை உண்டு, அது எஸ்.ஓ.-50-இன் டவுன்லிங்க் மேலேயே விழுகிறது. ஹேக்ஆர்.எஃப். என்னும் எஸ்.டி.ஆர். கருவி அனுப்பவும் வாங்கவும் செய்யும் என்று படித்து ஆசைப்படுபவர்கள், அது இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஆறாம் படி: கருவியைவிட வடிகட்டியில் செலவழியுங்கள்

டீசென்ஸ் உள்ள கருவியை உடனே விற்றுவிடத் தேவையில்லை. டிப்ளெக்சர் என்னும் சிறு பெட்டியில் மூன்று வாய்கள் இருக்கும். 145 செல்லும் வாய்க்குள்ளே இருப்பது உண்மையில் ஒரு லோ-பாஸ் வடிகட்டி. எனவே பேசும் கருவிக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவே அதை வைத்து, பயன்படாத 435 வாயில் 50 ஓம் லோடை மாட்டிவிட்டால், மூன்றாவது ஹார்மோனிக் அந்த லோடிலேயே செத்துவிடும். என் இரட்டைக் கருவி அமைப்பில் விண்வெளி நிலையத்தைக் கேட்க முடிந்தது இந்தப் பெட்டி வந்த பிறகுதான். ஆண்டெனாக்களைப் பொறுத்தவரை, ஒரே கம்பில் 145-க்கான யாகியையும் (ஒரு திசை நோக்கும் ஆண்டெனா) 435-க்கான யாகியையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பொருத்துங்கள். தச்சர் வைத்திருக்கும் எஃகு அளவுநாடாவை வெட்டிச் செய்த யாகி தேயிலைச் செடிகளுக்கு இடையே புகுந்து வளைந்தாலும் நிமிர்ந்துகொள்ளும். கேபிளைக் குட்டையாக வையுங்கள். பத்து மீட்டர் ஆர்.ஜி.-58 கேபிள் 435-இல் பாதிச் சமிக்ஞைக்கு மேல் தின்றுவிடும்.

ஏழாம் படி: நினைவகச் சேனல்களும் நிற்கும் இடமும்

டவுன்லிங்கை 5 கிலோஹெர்ட்ஸ் படிகளாக மாற்ற முடிகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். விண்வெளி நிலையத்துக்கு 437.810, 437.805, 437.800, 437.795, 437.790 என ஐந்து சேனல்களைப் பதிந்துகொண்டு, வரும்போது மேலிருந்து தொடங்கிப் போகும்போது கீழே இறங்க வேண்டும். 145-இல் விலகல் மூன்று கிலோஹெர்ட்ஸ் அளவே என்பதால், எஃப்.எம். அப்லிங்கைத் தொட வேண்டாம்.

மலையில் இருப்பதால் நமக்கு ஒரு சிறு வரம் உண்டு. 2,200 மீட்டர் உயரத்தில் தடையற்ற விளிம்பில் நின்றால் அடிவானம் ஏறத்தாழ ஒன்றரைப் பாகை கீழே இறங்கிவிடுகிறது. விண்வெளி நிலையம் நமக்கு இருபது வினாடி முன்னதாக உதித்து, இருபது வினாடி தாமதமாக மறையும். கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக் பக்கம் கிழக்கு நோக்கி நிற்பவருக்கு இது முழுமையாகக் கிடைக்கும். ஊட்டி ஏரிக்கரையில் நிற்பவருக்கோ, கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரமாக இருந்தாலும், சுற்றிலும் எழும் சரிவுகளால் கிணற்றுக்குள் நிற்கும் நிலைதான். நனைந்த யூகலிப்டஸ் தோப்புக்குள் நின்று 436-ஐத் தேடுவதும் வீண். ஊட்டியை அடுத்த முத்தோரையில் 326.5 மெகாஹெர்ட்ஸில் விண்ணைக் கேட்டுக்கொண்டிருக்கும் 530 மீட்டர் நீள வானொலித் தொலைநோக்கியின் அருகே ஒலிபரப்ப வேண்டாம். நம் பட்டை வேறு என்றாலும், கேட்டுப் பிழைப்பவர்கள் பக்கத்தில் சத்தம் போடாமல் இருப்பது ஹாம்களுக்கு அழகு. அந்தச் சரிவின் சாய்வே அவ்விடத்தின் அட்சரேகைக்கு ஈடாக, பதினோரு பாகை அளவில் இருக்கிறது என்பதற்காக ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

எட்டாம் படி: முதல் அழைப்பு

ஒரு வாரம் வெறுமனே கேளுங்கள். பிறகு, கூட்டம் குறைந்த பின்னிரவு பாஸ் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒருவரும் பேசாத இடைவெளியில் கால்சைனையும் கட்ட எண்ணையும் (உலக வரைபடத்தில் உங்கள் இடத்தைக் காட்டும் குறியீடு) ஒரே மூச்சில் சொல்லுங்கள், ஊட்டிக்கு எம்.கே.81, கொடைக்கானலுக்கு எம்.கே.80. பட்டனை அழுத்தியிருக்கும்போதே உங்கள் குரல் காதில் இறங்கினால் தொடருங்கள். கரகரத்தால், ஆண்டெனாவை மணிக்கட்டில் கால் சுற்றுத் திருப்பிப் பாருங்கள். அலையின் துருவம் மாறியிருக்கும். ஒன்றுமே இறங்கவில்லை என்றால் உடனே பட்டனை விட்டுவிட்டு, முதலில் 67 ஹெர்ட்ஸ் டோன் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் விட்டுப்போயிருக்கும்.